மெக்கானிக் கணினி விளையாட்டுகளில் பழைய ஜப்பானிய கார்கள்

பழுதான காரைப் பிரித்துப் பார்த்து, குறையைக் கண்டறிந்து, உதிரிப்பாகங்களை மாற்றி மீண்டும் ஓடச் செய்வதை விளையாட்டாக ஆக்கிய கணினி விளையாட்டுகள் மெக்கானிக் சிமுலேட்டர் எனப்படுகின்றன. இவை வெளிவந்த பின்னரும் புதிய கார்கள் இவற்றில் தொடர்ந்து சேர்க்கப்படுகின்றன. அவற்றுள் பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குத் தனி வரவேற்பு உண்டு. அவ்வாறு சேரும்போது காரின் உருவம் மட்டும் சேர்கிறதா, அந்தக் காருக்கே உரிய வேலையும் சேர்கிறதா என்பது இவ்விளையாட்டுகளை மதிப்பிட உதவும் முதன்மையான கேள்வி.

விளையாட்டின் அமைப்பு

இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது 'கார் மெக்கானிக் சிமுலேட்டர்'. போலந்து நாட்டின் ரெட் டாட் கேம்ஸ் நிறுவனம் இதை உருவாக்கியது. 2014-ல் தொடங்கிய இந்த வரிசையில் 2015, 2018, 2021 ஆகிய ஆண்டுகளின் பெயர் தாங்கிய பதிப்புகள் வந்தன.

ஆடுபவர் ஒரு பட்டறையின் உரிமையாளர். காரை லிஃப்டில் ஏற்றிச் சோதிக்கிறார். ஒவ்வொரு பாகத்தின் நிலையும் நூற்றுக்கு இத்தனை என்று எண்ணாகத் தெரிகிறது. போல்ட்டுகளைக் கழற்றிப் பாகத்தை வெளியே எடுக்கிறார். ஓரளவு நல்ல நிலையில் உள்ள சில பாகங்களைப் பழுதுபார்க்கும் மேசையில் சரிசெய்யலாம். மற்றவற்றைக் கடையில் புதிதாக வாங்கிப் பொருத்த வேண்டும். பழைய கொட்டகைகளிலும் காயலான் கடையிலும் கிடக்கும் கார்களை வாங்கிப் புதுப்பித்து விற்கவும் முடியும்.

இதன் கல்விப் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. பிரேக் டிஸ்கைக் கழற்றுவதற்கு முன் காலிப்பரைக் கழற்ற வேண்டும், கிராங்க் ஷாஃப்ட்டை எடுப்பதற்கு முன் எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்ற வரிசை கைக்குப் பழகுகிறது. பாகங்களின் பெயர்களும் அவை ஒன்றோடொன்று இணையும் விதமும் மனத்தில் பதிகின்றன. தொழிற்பயிற்சி நிலையத்தில் முதலாண்டு மாணவர் ஒருவர் எஞ்சின் படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்வதை இந்த விளையாட்டு சில மாலைகளில் கற்றுக்கொடுத்துவிடும்.

புதிய கார் சேரும் முறை

புதிய கார் இரண்டு வழிகளில் சேர்கிறது. ஒன்று, கார் நிறுவனத்திடம் உரிமம் பெற்று வெளியிடப்படும் கூடுதல் தொகுப்பு. 2018 பதிப்பில் மஸ்டா கார்கள் இவ்வாறு வந்தன. மற்றொன்று, ஆடுபவர்களே முப்பரிமாண உருவம் அமைத்துப் பகிரும் 'மோட்'.

இரண்டாவது வழியில் பெரும்பாலும் காரின் வெளிக்கூடு மட்டுமே புதியது. எஞ்சினும் சஸ்பென்ஷனும் விளையாட்டில் ஏற்கெனவே உள்ள பட்டியலிலிருந்து எடுத்துப் பொருத்தப்படுகின்றன. எனவே பானெட்டைத் திறக்கும்வரை அது ஜப்பானிய கார். திறந்த பிறகு முன்பே பலமுறை பிரித்துப் பழகிய ஏதோ ஓர் எஞ்சின். மோட் அமைப்பவர்களின் உழைப்பு பெரியது. குறை அவர்களுடையது அல்ல. விளையாட்டின் சட்டகம் அனுமதிக்கும் எல்லை அவ்வளவே.

எடுத்துக்காட்டு: டாட்சன் 240 இசட்

இந்த எல்லையைப் புரிந்துகொள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வது நல்லது. நிசான் நிறுவனம் 1969-ல் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் அறிமுகம் செய்த கார், வெளிநாடுகளில் டாட்சன் 240 இசட் என்று அறியப்பட்டது. 2,393 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, வரிசையாக ஆறு சிலிண்டர்கள், இரண்டு கார்புரேட்டர்கள். கடினமான கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் 1971, 1973 ஆகிய ஆண்டுகளில் இந்தக் கார் வென்றது. 1973-ல் ஓட்டியவர் உகாண்டாவில் பிறந்த, இந்திய வம்சாவளியினரான ஷேகர் மேத்தா.

இதன் எஞ்சினை நல்ல நிலையில் வைத்திருப்பது உதிரிப்பாகம் மாற்றுவதோடு முடிவதில்லை. இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் எஞ்சின் நிற்கும் இடத்தில் நடுங்கும். குழாயொன்றைக் காதில் வைத்து, காற்றின் இரைச்சலைக் கேட்டுச் சமன் செய்வது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி உள்வழிக்கு 0.20 மில்லிமீட்டர், வெளிவழிக்கு 0.25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் தகடு இடையில் நுழையும்போது லேசாகப் பிடித்து நழுவ வேண்டும். அந்தப் பிடி எவ்வளவு என்பதைப் புத்தகம் சொல்லாது, விரல்தான் சொல்லும்.

இந்தக் காரின் மற்றொரு பகை துரு. தரைத்தகடும் பேட்டரித் தட்டும் அரித்துப்போகும். துருப்பிடித்த போல்ட் ஸ்பேனருக்கு இணங்காது. எண்ணெய் ஊற்றி ஊறவிட வேண்டும், சூடேற்ற வேண்டும், அவசரப்பட்டால் தலை முறியும் அல்லது மரை தேயும். கார் மெக்கானிக் சிமுலேட்டரில் எந்தப் போல்ட்டும் முறிவதில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தால் நாற்பது ஆண்டுத் துருவும் புதிய காரின் போல்ட்டைப் போலவே கழன்றுவிடுகிறது. கார்புரேட்டரும் ஃபில்டரைப் போலக் கழற்றி மாட்டும் இன்னொரு பாகம் மட்டுமே. 240 இசட்டை இத்தகைய விளையாட்டில் சேர்த்தால் கிடைப்பது அதன் அழகிய நீண்ட மூக்கு. அதன் வேலை அன்று.

மாற்று வழி: மை சம்மர் கார்

இதைச் செய்யவே முடியாது என்று கூற இயலாது. ஃபின்லாந்தின் அமிஸ்டெக் கேம்ஸ் 2016-ல் சோதனைப் பதிப்பாக வெளியிட்டு, 2025 ஜனவரியில் முழுமையாக்கிய 'மை சம்மர் கார்' ஒரே ஒரு காரை மையமாகக் கொண்டது. அதில் வரும் 'சட்சுமா' என்ற கற்பனைக் கார், டாட்சன் 100ஏ என்ற உண்மையான சிறிய காரைத் தழுவியது.

இங்கே ஒவ்வொரு போல்ட்டுக்கும் சரியான அளவு ஸ்பேனரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இறுக்காமல் விட்ட போல்ட் ஓட்டத்தில் கழன்றுவிடும். கார்புரேட்டர் கலவையையும் வால்வு இடைவெளியையும் திருப்புளியால் சரிசெய்ய வேண்டும். என்ன தவறு என்று எந்த எண்ணும் காட்டாது. புகையின் நிறத்தையும் சத்தத்தையும் வைத்து ஊகிக்க வேண்டும். உருவ அழகில் இது போலந்து விளையாட்டுக்கு ஈடாகாது, பொறுமையையும் சோதிக்கும். ஆனால் ஒரு பழைய காரோடு வாழ்வது எப்படி இருக்கும் என்பதை இதுவே நெருங்கிக் காட்டுகிறது. நூறு கார்களைச் சேர்ப்பதைவிட ஒரு காரை முழுமையாகச் சேர்ப்பது மேல் என்பதற்கு இது சான்று.

திருச்சியிலிருந்து இரு ஒப்பீடுகள்

பழையதை மீட்டெடுப்பது என்றால் என்ன என்பதற்குத் திருச்சிராப்பள்ளியிலேயே இரண்டு முன்மாதிரிகள் உள்ளன.

முதலாவது பொன்மலை ரயில்வே பணிமனை. மேட்டுப்பாளையத்திலிருந்து பற்சக்கரப் பாதையில் குன்னூர் ஏறும் நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்து நாட்டு வடிவமைப்பு. அவற்றுக்கு இன்று கடையில் உதிரிப்பாகம் கிடையாது. பொன்மலைத் தொழிலாளர்கள் அவ்வகை எஞ்சின்களையே புதிதாகச் செய்தனர். முதலில் எண்ணெயால் இயங்குபவை, 2021-ல் நிலக்கரியால் இயங்குவது. விளையாட்டில் ஒரு பாகம் தேவையென்றால் பட்டியலைத் திறந்தால் போதும். பொன்மலையில் அந்தப் பாகத்தை முதலில் உண்டாக்க வேண்டும்.

இரண்டாவது திருவரங்கம் அரங்கநாதர் கோயில். 2015 குடமுழுக்கை ஒட்டி நடந்த திருப்பணிக்காக இக்கோயில் 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்டவை அகற்றப்பட்டன. மரபான கட்டுமுறை பின்பற்றப்பட்டது. பழைய மழைநீர் வடிகால் அமைப்பு மீண்டும் செயல்பட வைக்கப்பட்டது. எதை மாற்றுவது என்பதைவிட எதை மாற்றாமல் விடுவது என்பதே அங்கு பெரிய முடிவு.

கோயிலும் காரும் ஒன்றல்ல. ஆனால் முடிவெடுக்கும் முறை ஒன்றே. 240 இசட்டின் மூலத் தகட்டை வெட்டி ஒட்டுப் போடுவதா, முழுவதும் மாற்றுவதா, பழைய பெயின்ட்டை வைத்திருப்பதா என்பதைப் புதுப்பிப்பவர் ஒவ்வொரு நாளும் தீர்மானிக்க வேண்டும். 1990-களின் இறுதியில் நிசான் நிறுவனமே அமெரிக்காவில் பழைய 240 இசட் கார்களை வாங்கிப் புதுப்பித்து விற்றபோது இந்தக் கேள்விகளை அதுவும் சந்தித்திருக்கும். விளையாட்டில் இக்கேள்வி எழுவதே இல்லை. எல்லாப் பாகமும் நூறு விழுக்காடு ஆனால் கார் முழுமை பெற்றுவிடுகிறது, விலையும் ஏறிவிடுகிறது.

மதிப்பீடு

கார் மெக்கானிக் சிமுலேட்டர் காரின் உடற்கூறைக் கற்பிக்கும் நல்ல பாடநூல். ஆனால் பழைய கார் அதில் நுழையும்போது பாடநூலின் குறை வெளிப்படுகிறது. தேய்ந்ததைத் தூக்கி எறிந்து புதியதை மாட்டுவதே பழுதுபார்த்தல் என்ற எண்ணத்தை அது அறியாமலே ஊட்டுகிறது. இன்றைய பெரிய சர்வீஸ் நிலையங்களின் போக்கும் அதுவே என்பதால் விளையாட்டை மட்டும் குறைகூற முடியாது. ஆயினும் லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து, புஷ் போட்டு, பழையதையே ஓடவைக்கும் அறிவு தமிழ்நாட்டுச் சிறுபட்டறைகளில் இன்னும் மிஞ்சியிருக்கிறது. அடுத்த தலைமுறை அதை அறிவென்று மதிக்குமா என்பது, அவர்கள் முதன்முதலில் எந்தப் பட்டறையைப் பார்க்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. பலருக்கு அந்த முதல் பட்டறை இனி திரையில்தான் இருக்கும்.

எனவே ஒரு பழைய ஜப்பானிய காரைச் சேர்க்கும் விளையாட்டிடம் மூன்றை எதிர்பார்க்கலாம். அந்தக் காருக்கே உரிய எஞ்சினும் அதன் சரிசெய்தலும் வேண்டும். இணங்காத போல்ட்டும் முறியும் மரையும் வேண்டும். மூலப் பாகத்தைக் காப்பாற்றியவருக்குப் புதியதை மாட்டியவரைவிடக் கூடுதல் மதிப்பெண் வேண்டும். இவை இருந்தால், டாட்சன் 240 இசட்டைத் திருச்சித் தெருவில் ஒருமுறையும் கண்டிராத மாணவரும், திரையை அணைத்த பின் அருகிலுள்ள பட்டறையில் மெக்கானிக் காதைச் சாய்த்து எஞ்சினைக் கேட்பது எதற்கு என்று புரிந்துகொள்வார்.