மூணு கிலோ நூறு ரூபா

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வெயில் ஏறுவதற்குள் ஒரு குரல் தெருத்தெருவாகப் போய்விடும். 'தக்காளி மூணு கிலோ நூறு ரூபா, மூணு கிலோ நூறு ரூபா.' சின்ன யானை வண்டியின் தலையில் கட்டிய ஒலிபெருக்கி, பதிவுசெய்த குரல். என்ன சரக்கு, எவ்வளவு, என்ன விலை, அவ்வளவுதான். அடுப்படியில் இருப்பவர் எழுந்து வராமலே கணக்குப் போட்டுவிடலாம். பெருநகரத்து விளம்பர நிறுவனங்கள் மாதக்கணக்கில் யோசித்தும் எட்டாத சிக்கனம் இது.

ஆனால் ஒரு கிலோ கேட்டுப் பாருங்கள், நாற்பது என்பார். வீட்டில் இரண்டே பேர் என்றால், கிலோவுக்கு ஏறக்குறைய ஏழு ரூபாய் மிச்சம் பார்த்து மூன்று கிலோ வாங்கி, கடைசிக் கிலோவை மாட்டுக்குப் போட வேண்டியதுதான். குரல் பொய் சொல்லவில்லை. நமக்கு வேண்டிய கணக்கைச் சொல்லவில்லை.

எளிமையும் தெளிவும் இரட்டைப் பிள்ளைகள் என்று விற்பனைக்காரர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அதில் ஐயம் உண்டு. பெட்டிக்கடை பிஸ்கட்டைப் பாருங்கள். ஐந்து ரூபாய் என்பதைவிட எளிய விலை கிடையாது. அந்த எளிமையைக் காப்பாற்றத்தான் விலையை விட்டுவிட்டு எடையில் கை வைக்கிறார்கள். ஒரு கிராம் என்ன விலை என்பதையும் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. அந்த எழுத்தைக் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை. நகைக்கடைப் பலகையில் 'செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை' என்று இருக்கும். கேட்க இனிமைதான். ஆசாரி கூலி வாங்காமலா செய்தார்? அந்தப் பணம் பில்லில் வேறெங்கோ உட்கார்ந்திருக்கும்.

நீளமாக இருந்தும் தெளிவாக இருப்பதற்குச் சான்று, எங்கள் ஊர் உத்திரமேரூரின் சபை மண்டபச் சுவரிலேயே இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இல், ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை விதிகளைப் பொறித்தார்கள். இரண்டே ஆண்டில், 921இல், அதைத் திருத்தி இன்னும் விரிவாகப் பொறித்தார்கள். வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு. கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது என்று சொல்லி நிறுத்தவில்லை. அவருடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் என்று உறவுமுறைகளை அடுக்கி அடைக்கிறது கல்வெட்டு. சுருக்கமாக எழுதினால் யாராவது சந்தில் நுழைந்துவிடுவார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதியது. யாருக்கு இடமில்லை என்பதும் அதே அளவு தெளிவு: வேதம் கற்ற, நிலமுள்ள ஆண்களைத் தவிர எவருக்கும் இல்லை. தெளிவாக எழுதிவிட்டதால் ஒன்று நியாயமாகிவிடாது என்பதையும் அந்தச் சுவர்தான் எனக்குக் காட்டியது.

எளிமையும் தெளிவும் கூடிவந்த இடம் என்றால், எனக்கு நினைவு வருவது கடலூரில் தொடங்கிய சிக் ஷாம்புதான். 1983இல் சி.கே.ரங்கநாதன் 15,000 ரூபாயோடு தொடங்கிய தொழில். சீயக்காயும் சோப்பும் புழங்கிய கிராமங்களில் ஷாம்பு என்றால் என்னவென்று நிறுவனத்தார் வாயால் விளக்கவில்லை. ஊர் நடுவே ஒரு பையனை உட்கார வைத்து, தலையை அலசிக் காட்டி, முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் விளங்கிய விளம்பரம் அது. சின்னப் பாக்கெட்டில் வந்ததால், மொத்தப் புட்டிக்குக் காசில்லாத கூலிக்காரர், அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கு வாங்கினார். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எந்த நிறுவனத்துக் காலி பாக்கெட் ஐந்து கொண்டுவந்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றும் அப்போது ஒரு திட்டம் இருந்தது. பிறகு சிக் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். போட்டியாளரின் வாடிக்கையாளரை இழுக்கும் தந்திரம்தான். சுற்றுச்சூழல் அக்கறையெல்லாம் இல்லை. என்றாலும், காலி உறை கடைக்கே திரும்பி வந்தது. இப்போது எல்லா நிறுவனத்துப் பாக்கெட்டுகளும் கடை வாசலில் சரம்சரமாகத் தொங்குகின்றன. உறையில் விலை பளிச்சென்று தெரிகிறது. கிழித்த உறை குளித்த இடத்திலேயே கிடந்து, அடுத்த மழையில் வாய்க்காலோடு போகிறது.