ரிம்மின் முகமும் முதுகும்

சென்னை ஜி.பி. ரோட்டில் அலாய் வீல் விற்கும் கடைகளில் ரிம்கள் சுவர் நிறையத் தொங்கும். வாங்க வருகிறவர்கள் அவற்றின் முகத்தைப் பார்த்துத்தான் பேரம் பேசுவார்கள்: ஆரக்கால் ஐந்தா பத்தா, கறுப்பா சில்வரா, டயமண்ட் கட் உண்டா. விவரம் தெரிந்தவர் ஒரு ரிம்மை இறக்கச் சொல்லி முதுகைத் திருப்பிப் பார்ப்பார். விட்டம், அகலம், ஆஃப்செட், தாங்கும் எடை, ஜப்பானியத் தரத்தைக் குறிக்கும் ஜேடபிள்யூஎல் முத்திரை எல்லாம் வார்ப்பிலேயே பொறித்திருப்பது அங்கேதான். முகம் பிடித்துப்போவது யாருக்கும் நடக்கும். அந்த ரிம் காரில் போய் உட்காரும் விதத்தை ரசிக்கத்தான் கண் பழக வேண்டும். கணக்குத் தெரியாத கண் அப்படிப் பழகாது என்பது என் கட்சி.

முதல் கணக்கு பிசிடி. போல்ட் துளைகளின் நடுப்புள்ளிகள் வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம். பழைய ஃபியட் பாலியோவுக்கு நான்கு துளை, 98 மி.மீ.; ஹோண்டா சிட்டிக்கு நான்கு துளை, 100. விட்டத்தில் 2 மி.மீ. என்றால் ஒவ்வொரு துளையும் 1 மி.மீ. தள்ளி நிற்கிறது. நூறு ரிம் பாலியோவில் ஏறிவிடும், போல்ட்டும் முறுகிவிடும். ஆனால் போல்ட்டின் கூம்பு தன் குழியில் முழுவட்டமாகப் பதியாமல் ஒரு விளிம்பில் மட்டும் அழுந்தும். ஓட ஓட அந்த விளிம்பு தேய்ந்து பிடி தளரும். ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்’ என்பது செல்லாத இடம் இது. ஐந்து துளை ரிம் இன்னும் குறும்பு. நேரெதிரே துளை கிடையாது என்பதால் குறுக்கே டேப் பிடித்து அளக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் இடைவெளியை அளந்துதான் வட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் பல கார்களுக்கு உள்ள 112க்கு அந்த இடைவெளி 65.8 மி.மீ., இன்னோவாவின் 114.3க்கு 67.2. ஒன்றரை மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை.

அடுத்தது நடுத்துளை. பொருத்துவதில் கைத்திறன் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது வெளிப்படுவது இங்கேதான். கார் கம்பெனியே தரும் ரிம்மின் நடுத்துளை ஹப்பின் கழுத்தில் நெருக்கமாக உட்காரும். வெளியில் விற்கும் ரிம்மோ பல கார்களுக்கும் போக வேண்டும் என்பதால் துளையைப் பெரிதாகவே விட்டிருப்பார்கள்; 73.1 மி.மீ. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவு. ஹூண்டாய் ஐ20யின் ஹப் 54.1. சுற்றிலும் ஒன்பதரை மி.மீ. வெறும் இடம். அதை நிரப்புவதற்கு ஹப் ரிங் என்று ஒரு வளையம் உண்டு, பிளாஸ்டிக்கிலும் வரும், அலுமினியத்திலும் வரும். விலை சொற்பம், இருந்தும் பல கடைகளில் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். ‘நட்டின் கூம்பே ரிம்மை நடுவில் கொண்டுவந்துவிடும், வளையம் எதற்கு?’ என்பது அவர்களின் வாதம். பாதி நியாயமான வாதம்தான். காரின் பாரத்தை வளையம் சுமப்பதில்லை. ரிம்மையும் ஹப்பையும் நட்டுகள் நெருக்கிப் பிடிக்கும்போது இரு பரப்புகளுக்கும் நடுவே உண்டாகும் உராய்வுதான் சுமக்கிறது. ஆனால் நட்டுகளை முறுக்கும் அந்த இரண்டு நிமிடம் ரிம்மை யார் நடுவில் பிடித்திருப்பது? கனமான சக்கரம் கீழே தொய்ந்து நிற்க, முதல் நட்டையே ஏர் கன்னால் முழுசாக இறுக்கிவிட்டால் அந்தத் தொய்வு அப்படியே உறைந்துவிடும். சக்கரம் அரை மில்லிமீட்டர் மையம் தப்பியிருந்தாலும் வேகம் எண்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் வரலாம். வண்டியைப் பேலன்சிங்குக்குக் கொண்டுபோனால் மெஷின் சுழியம் காட்டும், ஏனென்றால் அது ரிம்மின் நடுத்துளையைத் தன் சொந்தக் கூம்பில் மாட்டித்தான் சுற்றுகிறது. அங்கே ரிம் கச்சிதமாக நடுவில் இருக்கிறது, காரில்தான் இல்லை. பிறகு டயர்மேல் பழி, ரோடுமேல் பழி.

ஆஃப்செட் என்பது ரிம்மின் அகலத்தில் நட்டநடுக் கோட்டுக்கும் ஹப்பைத் தொடும் பரப்புக்கும் உள்ள தூரம். 6 இன்ச் அகலமும் 45 ஆஃப்செட்டும் உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு 7 இன்ச், 35 ஆஃப்செட் ரிம்மைப் போடுவதாக வைத்துக்கொள்வோம். வெளி விளிம்பு 22.7 மி.மீ. வெளியே வரும்; உள் விளிம்பு 2.7 மி.மீ. உள்ளே போகும். ஃபெண்டருக்குள் சற்றே பதுங்கியிருந்த சக்கரம் ஃபெண்டர் விளிம்போடு சமமாக வந்து நிற்கிறது. பக்கவாட்டில் கார் சட்டென்று அகன்று உட்கார்ந்தாற்போலத் தெரிவதன் ரகசியம் இதுதான், அந்தத் தோற்றம் அழகுதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கார் என்னுடையது, இன்னும் பத்து மில்லிமீட்டர் வெளியே தள்ளிக்கொண்டால் யாருக்கு என்ன என்று கேட்பவருக்குப் பதில் ஸ்டியரிங்கில் இருக்கிறது. முன்சக்கரம் திரும்பும் அச்சை நீட்டினால் தரையில் ஒரு புள்ளியைத் தொடும். அந்தப் புள்ளிக்கும் டயர் தரையில் பதியும் நடுவுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்துப் பார்த்து நிர்ணயித்துத்தான் கார் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சக்கரத்தை வெளியே தள்ளத் தள்ள, ஒரு பக்கம் பள்ளத்தில் இறங்கும்போதும் ஒரு பக்கம் மட்டும் ஈரத்தில் பிரேக் பிடிக்கும்போதும் ஸ்டியரிங் கையை இழுக்கும். வீல் பேரிங்கில் விழும் நெம்பும் கூடும். இன்னொரு சோதனை: ஐந்து பேரை ஏற்றி, டிக்கியை நிரப்பி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து ஒரு வேகத்தடையை ஏறி இறங்க வேண்டும். கடை வாசலில் காலியாக நிற்கும் காரில் உரசாத டயர் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது உரசும்.

விட்டத்தைக் கூட்டும்போது டயரின் மொத்த உயரம் மாறக் கூடாது. 185/65 ஆர்15 டயரின் உயரம் 621.5 மி.மீ.; 195/55 ஆர்16 போட்டால் 620.9. அரை மில்லிமீட்டரை ஒட்டிய வித்தியாசம். ஸ்பீடோமீட்டருக்கு மாற்றியதே தெரியாது. இந்தப் பொருத்தத்தில் எனக்கு எப்போதும் ஒரு தனி மகிழ்ச்சி. 205/45 ஆர்17 என்று இன்னும் ஒரு படி ஏறினாலும் 616 வரும், கணக்கு கெட்டுவிடாது. ஆனால் டயரின் பக்கச்சுவர் 120 மி.மீ.யிலிருந்து 107 ஆகி, பிறகு 92 ஆகிவிடுகிறது. நம் ஊர்ப் பள்ளத்தில் அடி விழும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருப்பது அந்த ரப்பரும் காற்றும் மட்டுமே. இரும்பு ரிம் நெளியும், தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பு அலாய் விரிசல் விடும். ஆகவே பதினாறோடு நிறுத்திக்கொள்வதே என் தேர்வு. அதே மாடலின் உயர்ந்த வேரியன்ட்டுக்குக் கம்பெனியே பதினாறு போட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

அப்படியானால் கம்பெனி ரிம்மையே வைத்துக்கொண்டால் என்ன, அதைவிடப் பொருத்தம் உண்டா என்ற கேள்வி வரும். பொருத்தத்தில் அதை மிஞ்ச முடியாது. ஆனால் கம்பெனி ரிம் விலைக்கும் எடைக்கும் நடுவே செய்துகொண்ட ஒரு சமரசம். ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996இல் கொண்டுவந்த டிஇ37 ரிம்மின் பெயரிலுள்ள 37, 15 இன்ச் அளவில் அதன் எடை 3.7 கிலோ என்பதைக் குறிப்பது. ஃபோர்ஜிங் முறையில் அழுத்தி உருவாக்கிய ஆறே ஆரக்கால். அலங்காரம் என்று ஒன்றும் இல்லை. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறைந்தால் சக்கரம் ரோட்டின் மேடுபள்ளத்தோடு சட்டென்று ஏறி இறங்கும். மாற்றுவதற்கு நியாயமான காரணம் இது ஒன்றுதான் என்று சொல்லமாட்டேன், கண்ணுக்கும் பங்கு உண்டு. ஆனால் பழைய ரிம்மைவிடக் கனமான புதிய ரிம்மை அழகுக்காக வாங்குகிறவர், வாங்கும் முன் ஒரு தராசில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

மாட்டும் வேலைக்கு வருவோம். ஹப்பின் முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத்தான் ரிம்மை ஏற்ற வேண்டும். நட்டுகளைக் கையால் நான்கைந்து சுற்று விட்டு, நேரெதிர் வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, காரைத் தரைக்கு இறக்கிய பிறகு டார்க் ரெஞ்ச்சில் முடிக்க வேண்டும்; சிறிய கார்கள் பலவற்றுக்கு அந்த அளவு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும், சரியான எண் காரின் கையேட்டில் உண்டு. நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை அதே ரெஞ்ச்.

நட்டிலும் ஜாதி உண்டு. வெளியில் விற்கும் ரிம் பெரும்பாலும் கூம்பு நட்டு கேட்கும்; ஹோண்டாவின் சொந்த ரிம் உருண்டை அடி நட்டு கேட்கும். ஒன்றின் குழியில் மற்றொன்றைப் போட்டால் முறுகும், ஆனால் பதியாது. சிட்டிக்குப் புது அலாய் போட்டாலும் டிக்கியிலிருக்கும் ஸ்டெப்னி பழைய கம்பெனி ரிம்தான். ஆகவே கழற்றிய பழைய நட்டுகளில் ஒரு சக்கரத்துக்கான நான்கை மட்டும் ஒரு பையில் கட்டி, ஜாக்கியோடு போட்டு வைக்கச் சொல்கிற கடைக்காரர் கிடைத்தால், அடுத்த காருக்கும் அவரிடமே போகலாம்.