வக்கீல் படிப்பும் லைன் வீடுகளும்

பங்காரப்பேட்டையில் கிளை பிரியும் ரயில் பாதை முடிவடைகின்ற, கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும், அதை ஒட்டிய மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைன்களிலும், பிள்ளைகளில் ஒருவரையேனும் வக்கீலுக்குப் படிக்கவைத்துவிட வேண்டுமென்ற ஆசை வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. டாக்டருக்குப் படித்தால் வீட்டுக்கு லாபம், வக்கீலுக்குப் படித்தால் ஜனங்களுக்கு லாபம் என்ற அபிப்பிராயம் அங்கே சாமானியமாகக் காதில் விழுவது. "நம்ம ஆளுங்களுக்காகப் பேச நம்மகிட்டயே ஒருத்தன் வேணும்" என்று பெரியவர்கள் சொல்லும்போது, அதில் பெருமையைவிடப் பட்ட அனுபவமே மிகுதியாகத் தொனிக்கும். அந்த ஆசை நியாயமானதுதான்; ஆனால் அதை நிறைவேற்றுவதாகச் சொல்லும் படிப்பு, நிறைவேற்றுவதற்கு உரிய தகுதியோடு நடத்தப்படுகிறதா என்பதே இங்கே ஆராயத் தக்க விஷயம்.

வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கங்களுக்கு வந்திறங்கியவர்களுள் பெரும்பாலோர் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குடிகளே. ஆயினும் அவர்கள் வாயில்லாப் பூச்சிகளாக வாழ்ந்தவர்களல்லர். இந்த நாட்டின் ஆதிக்குடிகள் தாங்களே என்று போதித்த அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் வேர்பிடித்தது; அவருடைய 'தமிழன்' பத்திரிகை அவர் மறைவுக்குப் பின், 1926-இல் அந்தச் சங்கத்தைச் சேர்ந்த அப்பாதுரையாரால் தங்கவயலில் மறுபடியும் நடத்தப்பட்டது. 1930-இல், கைரேகை வைத்துத் தங்களைப் பதிவு செய்யவேண்டுமென்ற உத்தரவை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வக்கீல் ஒருவரும் தோன்றுவதற்கு முன்பே வழக்காடும் மனோபாவம் அங்கே தோன்றிவிட்டது என்று நான் கருதுகிறேன்.

படிப்பின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ளுவோம். மகாட் சவ்தார் குளத்தில் நீர் அள்ளும் உரிமைக்காக 1927-இல் போராட்டம் நடத்திய டாக்டர் அம்பேத்கர், எதிர்த்தரப்பார் தொடுத்த வழக்கைப் பத்து வருஷ காலம் சுமந்து, 1937-இல் பம்பாய் ஹைகோர்ட்டில் வெற்றி கண்டார் என்றால், அதற்கு அவருடைய தியாகம் எவ்வளவு காரணமோ, அவ்வளவுக்கு அவர் கற்ற சட்டமும் காரணம். தங்கவயலில் பிறந்து சட்டம் படித்தவனுக்கு வேறொரு செல்வமும் உண்டு. கட்சிக்காரி பேசுவது தமிழ். கீழ்க்கோர்ட்டின் பாஷை கன்னடம். ஹைகோர்ட்டின் பாஷை இங்கிலீஷ். தெருவிலேயே தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்டு வளர்ந்த பிள்ளை, கிழவி ஒருத்தி மூச்சுவாங்கிச் சொல்லுவதை மூன்று பாஷைகளிலும் அர்த்தம் சிதையாமல் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடியவன். பெங்களூரிலிருந்து வரும் வக்கீலுக்கு இது வாய்க்காது. உள்ளூரில் ஊர்காமில் கெங்கல் ஹனுமந்தய்யா சட்டக் கல்லூரி இருப்பதால், ஊரைவிட்டுப் போகாமலே இந்தப் படிப்பைப் பெறவும் வழியுண்டு.

குறை எங்கே தொடங்குகிறது என்பதற்கு சிலிக்கோசிஸ் என்னும் மார்பு நோயையே உதாரணமாகக் கொள்ளலாம். 1940-க்கும் 1946-க்கும் இடையில் இந்தச் சுரங்கங்களில் 7,653 பேரைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இந்நோய் பீடித்திருக்கக் கண்டார்கள். 1923-ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தில் இது தொழில்நோயாகச் சேர்க்கப்பட்டிருந்தது. வேலையை விட்டபின் நோய்க்குறி வெளிப்படுகிறவனுக்கும் அந்தச் சட்டம் இடமளித்தது, ஆனால் வேலையை விட்ட இரண்டு வருஷத்துக்குள் அது வெளிப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் விதித்தது. வகுப்பில் இந்தப் பிரிவைக் கற்பிக்கக் கால்மணி நேரம் போதும். ஆனால் கல்தூசி நுரையீரலுக்குள் பத்துப் பதினைந்து வருஷம் ஓசையின்றிக் கிடந்து, சுரங்கமே மூடப்பட்ட பிறகு மூச்சைப் பிடிக்கக்கூடியது என்பதையும், அந்த மனிதன் கொண்டுவரும் மஞ்சள் பையில் ஓரம் சுருண்ட எக்ஸ்ரே பிலிம் ஒன்றும், கம்பெனி ஆஸ்பத்திரியின் கிழிந்த சீட்டும், வருஷம் அழிந்துபோன பி.எஃப். ரசீதும் தவிர வேறொன்றும் இராது என்பதையும், அவற்றிலிருந்து எந்த வருஷம் எந்த ஷாப்டில் அவன் இறங்கினான் என்பதை எவ்வாறு நிரூபிப்பது என்பதையும் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுப்பதாகத் தெரியவில்லை. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் போய், 2024 ஜூலை முதல் புதுப் பெயரோடு வேறொரு சட்டம் வந்துவிட்டது. பாடம் சொல்லும் முறை மட்டும் பழையபடியே இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான திருஷ்டாந்தம் தங்கவயலிலேயே கிடைக்கிறது. மலம் அள்ளும் தொழிலில் கட்டுண்டு கிடந்த குடும்பத்தில் 1966-இல் இங்கே பிறந்த பெஜவாடா வில்சன் சட்டப் பட்டம் பெற்றவரல்லர். எடுப்புக் கக்கூஸ்களைக் கட்டுவதையும், மனிதனைக்கொண்டு அவற்றைச் சுத்தம் செய்விப்பதையும் தடுக்கும் சட்டம் 1993-இல் வந்தபோது, தங்கள் எல்லைக்குள் அப்படியொன்றும் இல்லை என்று சுரங்க நிர்வாகம் சாதித்தது. இவர் அவற்றைப் போட்டோ எடுத்தார், கடிதங்கள் எழுதினார், பத்திரிகைக்கு அனுப்பினார். மறுத்த நிர்வாகமே அவற்றை மாற்றிக் கட்ட நேர்ந்தது. பிறகு 2003-இல் அவருடைய இயக்கமான சபாயி கர்மசாரி ஆந்தோலன் உச்ச நியாயஸ்தலத்தில் ரிட் மனு தாக்கல் செய்து, இல்லை இல்லை என்று மாநிலங்கள் கொடுத்த பிரமாணப் பத்திரங்களுக்கு எதிராகப் படங்களையும் விவரங்களையும் அடுக்கியது. 2014 மார்ச் 27-இல், பி.சதாசிவம் தலைமையிலான பெஞ்சு, 1993 முதல் சாக்கடைக் குழிகளில் மாண்டவர்கள் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்ச ரூபாய் கொடுக்குமாறு தீர்ப்பளித்தது. அந்த வழக்கை நியாயஸ்தலத்தில் வாதாடியவர்கள் வக்கீல்களே, ஐயமில்லை. ஆயினும் வாதாடுவதற்கு வேண்டிய பொருளைச் சேகரித்துத் தந்தவர்கள் கறுப்பு அங்கி அணியாதவர்கள்.

தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியும் இதையே சொல்லுகிறது. 1992 ஜூன் 20-இல் அந்த மலையடிவாரப் பழங்குடிக் கிராமத்தில் வனத்துறையும் போலீஸும் ரெவின்யூ இலாகாவும் சேர்ந்து நடத்திய அட்டூழியத்துக்கு 2011-இல் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேர் மீதும் குற்றம் நிரூபணமாயிற்று, அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். ஹைகோர்ட் அதை உறுதி செய்ய 2023 செப்டம்பர் வரை ஆயிற்று. முப்பத்தோரு வருஷம் வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக இழுபட்ட இந்த வழக்கில், பழங்குடிப் பெண்கள் சாட்சிக் கூண்டில் பின்வாங்காமல் நின்றதற்கு அவர்களுடைய மனவுறுதியும், அவர்களைச் சுற்றி நின்ற மலைவாழ் மக்கள் சங்கமும் காரணம். வக்கீலின் திறமை அவற்றின் மீது எழுந்த மேல்கட்டடம். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து ரெட்பெர்னில், போலீஸார் தங்களை நடத்திய விதத்தை ஆதிக்குடி வாலிபர்கள் நேரில் நின்று குறிப்பெடுத்துத் திரட்ட, அதிலிருந்தே 1970-இல் ஆதிக்குடியினர் சட்ட உதவி நிலையம் பிறந்தது. அந்த வாலிபர்களுள் ஒருவரான பால் கோ அதன் பிறகே சட்டக் கல்லூரிக்குப் போய் வழக்கறிஞரானார். இந்த வரிசைதான் எனக்குச் சரியாகத் தோன்றுகிறது.

நம்மிடத்திலோ வரிசை தலைகீழாக இருக்கிறது. பையன் பட்டம் வாங்குகிறான். மாநில வக்கீல் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்யப் போகிறான். 1961-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஷெட்யூல்டு ஜாதியாருக்கு அதற்குரிய கட்டணம் 125 ரூபாய்தான். ஆனால் பல மாநிலக் கவுன்சில்கள் வெவ்வேறு பெயர்களில் ஆயிரக்கணக்கில் வசூலித்துவந்தன, 2024 ஜூலையில் உச்ச நியாயஸ்தலம் அது கூடாதென்று சொல்லும்வரை. சட்டத்தின் காவலர்களே சட்டத்தை மீறி வாங்கிய அந்தப் பணம், லைன் வீட்டுத் தாய் ஒருத்தி தோட்டை அடகுவைத்துக் கட்டிய பணமாகவும் இருந்திருக்கும். பிறகு ஜூனியராகச் சேர்ந்து, மாதம் முழுவதும் சீனியரின் கட்டுகளைச் சுமந்தும், கைக்கு வருவது பஸ் சார்ஜுக்குக் காணாது. இரண்டு வருஷம் அப்படித் தாக்குப்பிடிக்க வீட்டில் வேறு வருமானம் வேண்டும். ஆகவே, விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகிற ரயிலில் ஆயிரக்கணக்கானவர்களோடு அவனும் ஏறிவிடுகிறான். கம்பெனி ஒன்றின் சட்டப் பிரிவிலோ, பாங்கின் கடன் வசூல் பிரிவிலோ மாதச் சம்பளம் வாங்குகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பத்துக்காகப் படித்தவன் குடும்பத்தைக் காப்பாற்றுகிறான். ஜனங்களுக்காகப் படிக்கச் சொன்னவர்கள் ஜனங்களுக்காக வேலை செய்தால் சோறு எங்கிருந்து வருமென்று சொல்லவில்லை.

சர்க்கார் தரும் சட்ட உதவியும் இந்தக் குறையை நிரப்பவில்லை. 1987-ஆம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, ஷெட்யூல்டு ஜாதியாருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீலைத் தருகிறது. அந்த வக்கீலுக்குச் சர்க்கார் கொடுக்கும் சன்மானம் மிகச் சொற்பமாகையால், அனுபவமுள்ளவர்கள் விலகிக்கொள்ள, அனுபவமில்லாதவர்களே முன்வருகிறார்கள். கல்லூரிகளிலுள்ள சட்ட உதவி மையங்கள் நடத்தும் முகாம்களோ, பெரும்பாலும் ஒரு பானர், ஒரு சொற்பொழிவு, ஒரு போட்டோ என்ற அளவில் முடிந்துவிடுகின்றன. தங்கம் பிரித்தெடுத்தபின் குவிந்த கழிவான சயனைடு மேட்டின் தூசி காற்றில் பறந்து வீடுகளுக்குள் விழுவதைப் பற்றிக் கேட்க வந்தவர்களுக்கு அரசியலமைப்பின் முகவுரையை வாசித்துக் காட்டினால், அவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

இந்த நிலையை மாற்ற வழியுண்டு. பாடத்திட்டத்தில் இப்போதே கட்டாயமாக உள்ள செய்முறைத் தாள்கள் இருக்கின்றன. மாதிரிக் கோர்ட்டில் கற்பனைக் கட்சிக்காரனுக்காக வாதாடுவதற்குப் பதிலாக, அந்த மணி நேரங்களைக் கொண்டே ஒவ்வொரு மாணவனும் ஒரு லைனை எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் சர்வீஸ் காகிதங்களையும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் வீடு வீடாகப் பார்த்துப் பட்டியலிட்டு, வாக்குமூலத்தைப் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவைக்கலாம். மார்க்கையும் அதற்கே போடலாம். இதற்குப் புதுச் சட்டமோ பெரிய பணமோ வேண்டியதில்லை. ஆனால் காலதாமதம் உதவாது: சுரங்கத்தில் இறங்கியவர்களுள் இளையவர்களே இன்று முதுமையை எட்டிவிட்டார்கள்.