டோரஸின் சரிவு எங்கே தொடங்கியது?

ஃபெர்னாண்டோ டோரஸைப் பற்றி ஊரறிந்த கதை ஒன்று உண்டு. லிவர்பூலில் கோல்களாகக் குவித்துக்கொண்டிருந்தவர் 2011 ஜனவரி 31 அன்று ஐந்து கோடி பவுண்டுக்குச் செல்சிக்குத் தாவினார். அன்றோடு அவர் ஆட்டம் முடிந்தது. பிரிட்டிஷ் கிளப் ஒன்று அதுவரை எந்த வீரருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. ஆசை, துரோகம், தண்டனை என்று மூன்று காட்சிகளில் கச்சிதமாக முடிகிற நாடகம். லிவர்பூல் ரசிகர்களுக்கு அதில் ஓர் ஆறுதலும் இருந்தது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. எண்கள்தான் அதற்கு ஒத்துழைப்பதில்லை.

லிவர்பூலுக்கு வந்த 2007 கோடையிலிருந்து மூன்று சீசன்களில் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 79, அடித்த கோல்கள் 56. முதல் சீசனில் மட்டும் 24. பத்து ஆட்டத்துக்கு ஏழு கோல் என்ற கணக்கு அது. இங்கிலாந்து லீக்கில் புதிதாக வந்து இறங்கிய 23 வயது அயல்நாட்டு ஆட்டக்காரருக்கு அசாதாரணம். 2010 ஏப்ரலில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. அதே ஆண்டு ஜனவரியிலும் ஒன்று நடந்திருந்தது. அதன் பின் அதே லிவர்பூல் சட்டையில் 23 லீக் ஆட்டம், 9 கோல். பத்துக்கு ஏழு என்றிருந்தது பத்துக்கு நாலாகிவிட்டது. செல்சிக்காரர்கள் பணப்பையைத் திறப்பதற்கு முன்பே நடந்த சரிவு இது.

முழங்கால் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2008 ஜூன் 29, வியன்னாவுக்குப் போக வேண்டும். ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், ஜெர்மனிக்கு எதிராக, 33ஆவது நிமிடம். சாவி அனுப்பிய பாஸ் உண்மையில் பிலிப் லாமுக்கே அருகில் இருந்தது. கோல்கீப்பர் லேமன் வந்து எடுத்துக்கொள்வார் என்று லாம் ஒரு கணம் நினைத்திருக்க வேண்டும். அந்த ஒரு கணத்துக்குள் பின்னாலிருந்து சுற்றி வந்த டோரஸ் லாமை முந்தி, பாய்ந்து வந்த லேமனின் மேலாகப் பந்தைத் தட்டிவிட்டார். 1964க்குப் பிறகு ஸ்பெயின் வென்ற முதல் பெரிய கோப்பை அந்த ஒரு கோலில் வந்தது. அதில் பந்தைக் கையாண்ட நுணுக்கம் குறைவு; காலில் பட்டது ஒரே ஒரு தடவை. முழுக்க முழுக்க முதல் ஐந்து எட்டு வேகமும், தோள்பலமும், தயங்காமையும். டோரஸின் ஆட்டமே இதுதான். சாவியைப் போல நின்ற இடத்தில் ஆட்டத்தை நடத்துபவரோ ரவுல் போல பந்து வந்து விழும் இடத்தை மோப்பம் பிடிப்பவரோ அல்ல அவர். அந்த ஐந்து எட்டில் கால் நொடி குறைந்தால், அவரிடம் மாற்றாக வைத்துக்கொள்ள வேறு சரக்கு அதிகம் இல்லை.

மறுப்பு ஒன்று சொல்லலாம். 2010–11இல் லிவர்பூலே குலைந்துகிடந்தது. சாபி அலோன்சோ ஓராண்டு முன்பே போயாயிற்று, மாஷெரானோ போனார், பயிற்சியாளர் ராஃபா பெனிடெஸ் போனார், கிளப் நிர்வாகம் கைமாறியது. ஊட்டம் கொடுப்பவர்கள் இல்லாமல் கோல் எங்கிருந்து வரும்? நியாயமான கேள்விதான். ஆனால் அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு மாதம் கழித்து, தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையில் அவருக்கு ஊட்டம் கொடுத்தவர்கள் சாவியும் இனியெஸ்டாவும் அலோன்சோவும். ஏழு ஆட்டத்திலும் டோரஸ் களமிறங்கினார். ஒரு கோல்கூட இல்லை. அதே நடுக்களத்தின் பாஸ்களை வாங்கி டேவிட் வியா ஐந்து அடித்தார். குறை அணியில் இல்லை, உடம்பில்தான் என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது படி செல்சியில். 110 லீக் ஆட்டம், 20 கோல். பத்துக்கு இரண்டுகூடத் தேறவில்லை. முதல் கோலுக்கே 903 நிமிடம் காத்திருந்தார். 2011 செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் கோல்கீப்பர் டே ஹேயாவைச் சுற்றிப்போய், ஆளில்லா வலைக்கு வெளியே பந்தை அடித்தது உலகம் முழுக்கச் சிரிக்கப்பட்டது. (அன்று செல்சியின் ஒரே கோலை அடித்தவரும் அவரே என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.) ஆட்டமுறை ஒத்துவரவில்லை என்பார்கள். மூன்றரை ஆண்டில் ஆன்செலோட்டி, வில்லாஸ்-போயாஸ், டி மத்தேயோ, பெனிடெஸ், மொரீனியோ என ஐந்து பேர் ஐந்து விதமாக முயன்றார்கள். லிவர்பூலில் அவரை வார்த்தெடுத்த பெனிடெஸ் பாதியில் வந்து சேர்ந்த 2012–13 சீசனிலும் 36 லீக் ஆட்டத்தில் கிடைத்தது 8 கோல்தான்.

அப்படியானால் எல்லாம் முழங்கால்தானா? அங்கேயும் கணக்கு முழுதாக ஒட்டவில்லை. 2015 ஜனவரியில் தாய்க் கிளப்பான அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்குத் திரும்பியவர், முப்பதைக் கடந்த கால்களோடு 107 லீக் ஆட்டத்தில் 27 கோல் அடித்தார். 2015–16இல் மட்டும் 11. வயது ஏறி, வேகம் இன்னும் குறைந்திருந்த ஆள் செல்சியில் அடித்ததைவிட நல்ல விகிதத்தில் அடிக்கிறார் என்றால், செல்சியில் கெட்டது உடம்பு மட்டுமல்ல. செல்சிக்கு எதிராக வந்த அணிகள் தம் கோல் முன்பாகவே கூட்டமாக நின்றன; ஓடிப் புகுவதற்கு வெட்டவெளி கிடைக்கவில்லை. கூடவே, ஒவ்வொரு தவறுக்கும் விலைச்சீட்டை எடுத்துக் காட்டிய அரங்கங்கள். முதல் பாதிச் சரிவு எலும்பிலும் தசையிலும் நடந்தது. இரண்டாவது பாதியை மனமும் இடமும் சேர்ந்து செய்தன என்பதே என் கணிப்பு.

டோரஸுக்காக வாதாடுபவர்கள் உடனே பதக்கங்களை அடுக்குவார்கள். வேடிக்கை என்னவென்றால், உச்சத்தில் ஆடிய லிவர்பூல் ஆண்டுகளில் அவருக்குக் கிளப் கோப்பை ஒன்றுகூட இல்லை. சரிந்த பிறகுதான் கொத்தாக வந்தன. 2012 ஏப்ரலில் பார்சிலோனாவின் கேம்ப் நோவில், அரையிறுதியில், தன்னந்தனியாகப் பாதி மைதானம் ஓடி அடித்த கோலைச் சாம்பியன்ஸ் லீக்கை வென்று தந்த கோலாக இன்றும் கொண்டாடுகிறார்கள். அந்தக் கோல் விழாவிட்டாலும் எதிரி மைதான கோல் விதிப்படி செல்சிதான் இறுதிக்குப் போயிருக்கும். அதே கோடையின் ஐரோப்பியக் கோப்பையில் தங்கக் காலணியை மூன்று கோலுக்கு வாங்கினார்: அயர்லாந்துக்கு எதிராக இரண்டு, இத்தாலி பத்துப் பேராகச் சுருங்கிக் களைத்துப்போன இறுதியில் ஒன்று. மரியோ கோமெஸும் மூன்று அடித்திருந்தார். டோரஸ் களத்தில் இருந்த நிமிடங்கள் குறைவு என்பதால் காலணி இவருக்கு. 2013 யூரோப்பா லீக் இறுதியில் பென்ஃபிகாவுக்கு எதிராக அடித்தது மட்டும் பழைய டோரஸ். அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஸ்பெயினுக்கு 110 ஆட்டத்தில் 38 கோல் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தஹிதிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு, நியூசிலாந்துக்கு எதிராக 17 நிமிடத்தில் மூன்று. வியா 98 ஆட்டத்தில் 59 அடித்தவர். ரவுல் 102 ஆட்டத்தில் 44. முன்னவர் உலகக் கோப்பையின் நெருக்கடிகளில் அடித்தவர், பின்னவர் பதினைந்து ஆண்டு ஒரே கிளப்பில் தளராதவர். இருவருக்கும் கீழே மூன்றாவதாகத்தான் டோரஸை நிறுத்துவேன். 2008 பலோன் டோர் வாக்கெடுப்பில் ரொனால்டோ, மெஸ்ஸிக்கு அடுத்து அவர் நின்றது நியாயமே. ஆனால் அது மூன்று சீசனின் உயரம், ஒரு வாழ்க்கையின் உயரம் அல்ல.

அந்த மூன்று சீசனுக்கு முன்னால் நடந்ததைத்தான் யாரும் எடைபோடுவதில்லை. 17 வயதில் இரண்டாம் பிரிவில் கிடந்த அத்லெட்டிகோவுக்கு அறிமுகம். 19 வயதில் கேப்டன். பெரிய கிளப்புகளில் பையன்களை அளந்து அளந்து ஆடவிடும் வயதில், தடுமாறிக்கொண்டிருந்த ஓர் அணியைத் தோளில் போட்டுக்கொண்டு 23 வயதுக்குள் 244 ஆட்டங்கள் ஆடி முடித்திருந்தார். 26இல் தளர்ந்த கால் அங்கேயே தேயத் தொடங்கியிருக்கலாம். செல்சி வாங்கும்போது இந்த ஓட்டக் கணக்கு, ஒரே ஆண்டின் இரண்டு அறுவைச் சிகிச்சைகள், 23 ஆட்டத்துக்கு 9 கோல் என்ற புதிய விகிதம் எல்லாமே மேசைமேல் திறந்து கிடந்தன. 2008இன் ஆட்டக்காரருக்குரிய விலையை 2011இன் ஆட்டக்காரருக்குக் கொடுத்தது வாங்கியவர்களின் பிழை. வசவு மட்டும் அவர் பேரில் எழுதப்பட்டது.