வெண்புள்ளிக்கு லேசரும் ஒளியும்: எங்கே உதவும், எங்கே உதவாது

கார்போகரிசியைப் பூசி வெயிலில் நிற்கச் சொன்ன பழைய வைத்தியத்திலிருந்து இன்றைய ஒளிச்சிகிச்சை வரை, வெண்புள்ளிக்கு நம்பகமான மருந்தாக இருந்துவருவது ஒளிதான். 1997இல் ஆம்ஸ்டர்டாமில் வெஸ்டர்ஹோஃப் குழுவினர் 311 நானோமீட்டர் அளவிலான குறுகிய பட்டைப் புற ஊதா-பி ஒளியின் பயனைக் காட்டிய பிறகு, மாத்திரையோ பூச்சோ இல்லாமலே ஒளியைத் தரும் முறை உலகெங்கும் பரவியது. அதன் பலமும் வரம்பும் 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் தெளிவாகப் பதிவாகியுள்ளன. முக்கால் பங்குக்கு மேல் நிறம் திரும்பியவர்கள் ஆறு மாதத்தில் 19 சதவீதம், ஓராண்டில் 36 சதவீதம். முகத்திலும் கழுத்திலும் 44 சதவீதம் பேருக்கு அத்தகைய பலன் கிடைத்தது. கைகளிலும் பாதங்களிலும் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. மறைக்க முடியாத விரல்களில்தான் நோய் மிகுந்த வேதனை தருகிறது, அங்கேதான் ஒளி தோற்கிறது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஃப்ராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசரை ஒளியோடு சேர்க்கிறார்கள். அது இடைவெளியை உண்மையில் நிரப்புகிறதா என்பதை வைத்தே இம்முறையை எடைபோட வேண்டும்.

இணைப்பின் தர்க்கம் வலுவானது. லேசர் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை வரிசையாக இடுகிறது. துளைகளுக்கு நடுவே தோல் அப்படியே இருப்பதால் காயம் விரைவில் ஆறுகிறது. ஆறும்போது தோல் செல்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் நிறமிச் செல்களைப் பெருகவும் நகரவும் தூண்டுகின்றன. மேல்தோல் உரிந்து மெலிவதால் ஒளி ஆழமாகப் புகுகிறது, மேலே பூசும் மருந்தும் உள்ளே இறங்குகிறது. 2012இல் தென் கொரிய மருத்துவர்கள் ஓராண்டுக்கு மேல் எந்தச் சிகிச்சைக்கும் இணங்காத பத்துப் பேரின் உடலில் ஒரு பாதிக்கு மட்டும் இரண்டு முறை லேசரும், முழு உடலுக்கும் வாரம் இருமுறை ஒளியும் கொடுத்துப் பார்த்தார்கள். லேசர் பட்ட பக்கம் கூடுதலாக நிறம் பெற்றது. ஒருவரின் உடலையே அவருக்கு ஒப்பீடாக வைப்பது நல்ல சோதனை முறை, ஏனெனில் ஆளுக்கு ஆள் மாறும் நோயின் வேகம் கணக்கைக் குழப்பாது. ஆனால் பத்துப் பேர் என்பது நம்பிக்கை கொள்ளப் போதும், விதி வகுக்கப் போதாது. எந்தப் பக்கம் லேசர் பட்டது என்பது நோயாளிக்குத் தெரியும் என்பதால், அவருடைய திருப்தியை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் சரியாகாது. வெண்புள்ளிச் சிகிச்சைகளைப் பற்றிய 96 ஆய்வுகளை 2015இல் அலசிய காக்ரன் மதிப்பாய்வும், பெரும்பாலானவை சிறியவை, குறுகிய காலத்தவை என்றே குறைபட்டது.

எண்ணிக்கையைவிட ஆழமான சிக்கல் உடலியலில் இருக்கிறது. வெண்திட்டில் நிறம் திரும்பும்போது, புதிய நிறமிச் செல்கள் பெரும்பாலும் மயிர்க்காலின் அடியிலிருந்து ஏறி வருகின்றன. அதனால்தான் முதலில் ரோமத்தைச் சுற்றிச் சிறு கரும்புள்ளிகள் தோன்றும். விரல் நுனியிலும் உதட்டிலும் மயிர்க்கால் இல்லை. திட்டிலுள்ள முடியும் நரைத்துவிட்டால் அங்கே நிறமிச் செல்களின் இருப்பு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்றே கொள்ளலாம். விதையில்லாத நிலத்தை எத்தனை முறை உழுதாலும் பயிர் வராது. ஆகவே லேசரால் மிகுந்த பயன் பெறக்கூடியவை, கருப்பு ரோமம் இன்னும் இருந்தும் ஒளிக்கு மெல்ல இணங்கும் முழங்கை, முழங்கால், புறங்கை போன்ற இடங்கள். விரல் நுனிக்குத் தேவை நிறமிச் செல் மாற்று அறுவை. அங்கும் லேசருக்கு வேலை உண்டு: மேல்தோலைச் சீராக அகற்றித் தளம் அமைக்க லேசர், அதில் இட்ட செல்கள் பரவ ஒளி. இணைப்பின் மிகப் பொருத்தமான வடிவம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. விளம்பரங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே.

சமூகத்தின் பார்வையால் துவண்டுபோனவருக்குச் சிறு முன்னேற்றமும் பெரிதல்லவா, அதை ஏன் மறுக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திருமணம், வேலை, பள்ளி என எங்கும் இந்நோயாளிகள் படும் அவமதிப்பை அறிந்தவர்கள் அதை இலேசாகத் தள்ள மாட்டார்கள். ஆனால் இங்கே தரப்படுவது காயம். நோய் செயல்பாட்டில் இருக்கும்போது காயம் பட்ட இடத்தில் புதிய வெண்திட்டு எழுவது உண்டு. கோப்னர் விளைவு எனத் தோல் மருத்துவர்கள் நன்கறிந்த ஆபத்து இது. ஓராண்டாவது புதிய திட்டு வராமல், பழையது பெரிதாகாமல் இருந்தால் மட்டுமே லேசரை யோசிக்க வேண்டும். அவசரப்படுபவர்தான் பெரும்பாலும் நோய் பரவிக்கொண்டிருப்பவர் என்பது இதிலுள்ள கொடுமை. மேலும், ஒளிக்கு ஆறு மாதமாவது முழுமையாக வாய்ப்புத் தராமல் மூன்றாம் மாதமே லேசருக்குத் தாவினால், எது பலன் தந்தது என்று மருத்துவருக்கும் தெரியாது. பணத்தையும் வலியையும் கூட்டும் முன், அந்த நோயாளி வாரத்தில் இரண்டு மூன்று நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்தேறி வரமுடியாமல்தான் ஒளிச்சிகிச்சையை இடையில் நிறுத்தினாரா என்று கேட்பது முக்கியம். பிரிட்டனில் 517 பேரிடம் நடந்து 2020இல் முடிவுகள் வெளியான ஹை-லைட் ஆய்வில், வீட்டிலேயே கையடக்க ஒளிக்கருவியும் ஸ்டீராய்டு களிம்பும் சேர்த்துப் பயன்படுத்தியவர்களில் 27 சதவீதம் பேர் நல்ல பலன் கண்டார்கள். களிம்பு மட்டும் பூசியவர்களில் 17 சதவீதம். ஒளியோடு சேர்க்கத் துணை வேண்டுமென்றால் அது லேசராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: சிகிச்சை நின்ற பிறகு, பலன் கண்டவர்களில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அதை இழந்தார்கள். நிறமிச் செல்களைத் தாக்கும் நோயெதிர்ப்புச் செல்களின் நினைவு தோலிலேயே தங்கியிருப்பதால், லேசர் எத்தனை துளையிட்டுச் செல்களை அழைத்து வந்தாலும் அவை மீண்டும் அழிக்கப்படலாம். பிரான்சில் நடந்து 2015இல் வெளியான ஒரு சோதனையில், நிறம் திரும்பிய இடத்தில் வாரம் இருமுறை, நோயெதிர்ப்பைத் தணிக்கும் டாக்ரோலிமஸ் களிம்பு பூசியவர்களிடம் நோய் மீண்டது பத்தில் ஒரு பங்குக்குக் குறைவு; மருந்தில்லாத வெறும் களிம்பு பூசியவர்களிடம் பத்தில் நான்கு. ஒரு லேசர் அமர்வுக்கு ஆகும் செலவில் இந்தக் களிம்பைப் பல மாதங்களுக்கு வாங்கிவிடலாம். சிகிச்சைத் திட்டத்தை எழுதும்போது, அடுத்த அமர்வுக்கு நாள் குறிப்பதற்கு முன்பே இந்தப் பராமரிப்பும் அதில் இடம்பெற வேண்டும்.