சைலன்ட் கம்ப்ரசர்: யார் காதுக்கு?

போன வருஷம் வீட்டுப் பட்டறைக்கு ஒரு ஏர் கம்ப்ரசர் வாங்கினேன். 1 எச்.பி., 24 லிட்டர் டேங்க். பெட்டி மேல் பெரிய எழுத்தில் ‘லோ நாய்ஸ்’ என்று போட்டிருந்தது. கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லி நானும் கேட்கவில்லை, அவர்களும் காட்டவில்லை. வாங்கி மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வரவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

“தம்பி, நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து இப்பதான் படுத்தேன். அந்த கடகட சத்தம்கூட பரவால்லபா. செவுத்துக்குள்ள ஏதோ உறுமுற மாதிரியே கீது, அதான் தூங்க உட மாட்டுது.”

மன்னிப்புக் கேட்டு மிஷினை நிறுத்தினேன். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மண்டையில் தங்கிவிட்டது. கடகட சத்தத்தையும் உறுமலையும் அவர் பிரித்துச் சொன்னார். பெட்டி மேலிருந்த டெசிபல் எண்ணில் அந்தப் பிரிவினை இல்லை. சில மாதம் இதைப் பற்றிப் படித்துப் பார்த்ததில் தெரிந்தது இது: ‘சைலன்ட்’ என்று எழுதுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் அளப்பது மிஷினுக்கு எதிரில் நிற்கிறவன் காதை. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவர் காதை யாரும் அளப்பதில்லை.

எங்கே நின்று அளந்தது?

டெசிபல், கிலோ மாதிரியோ லிட்டர் மாதிரியோ நேராக ஏறும் அளவு அல்ல. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. ஆனால் காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று படுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். ஆக, எவ்வளவு தூரத்தில் அளந்தது என்று சொல்லாத டெசிபல் எண், எந்த ஊருக்கு என்று எழுதாத பஸ் டிக்கெட் மாதிரி.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒலித்திறன் என்பது வேறு, ஒலியழுத்தம் என்பது வேறு. ஒலித்திறன் பல்பின் வாட் மாதிரி, நீங்கள் எங்கே நின்றாலும் மாறாது. ஒலியழுத்தம் உங்கள் புத்தகத்தின் மேல் விழும் வெளிச்சம் மாதிரி, தள்ளிப் போகப் போகக் குறையும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2000/14/இசி என்ற உத்தரவுப்படி, வெளியிடத்தில் பயன்படுத்தும் கம்ப்ரசர்களில் ஒலித்திறனைத்தான் ஸ்டிக்கராக ஒட்ட வேண்டும். அதில் 97 என்று இருக்கும் ஒரு மிஷினைக் கெட்டியான தரையுள்ள திறந்த வெளியில் வைத்தால், கணக்குப்படி 1 மீட்டரில் ஏறத்தாழ 89, 4 மீட்டரில் 77. ஒரே மிஷின், மூன்று எண். மூன்றும் உண்மை. எந்த எண் அட்டையில் ஏறும் என்பது விற்கிறவரின் விருப்பம்.

இந்தக் கணக்கெல்லாம் திறந்த வெளிக்கு. என் பட்டறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. நாலு பக்கமும் சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட். அங்கே ஒலி சுவரில் முட்டி முட்டித் திரும்பும். அறையின் எந்த மூலையில் நின்றாலும் பெரிதாகக் குறையாது.

டெசிபலில் ஏறாத உறுமல்

இது முதல் குறை. இரண்டாவதுதான் முக்கியம்.

நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். இதில் இரண்டு துருவ மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 2850 சுற்று சுற்றும். நாலு துருவ மோட்டார் சுமார் 1440. மோட்டாரும் பிஸ்டனும் நேராக இணைந்த மலிவான சின்ன கம்ப்ரசர்கள் முதல் ரகம். ‘சைலன்ட்’ என்று விற்கும் எண்ணெய் இல்லாத ரகம் பெரும்பாலும் இரண்டாவது. பாதி வேகம், இரண்டோ நாலோ சின்ன பிஸ்டன்கள். வால்வுத் தகடுகளின் கிணுகிணு, விசிறியின் இரைச்சல், உலோகத்தின் கடகட எல்லாம் இதில் நிஜமாகவே குறையும். அதை மறுக்க முடியாது.

ஆனால் கம்ப்ரசரின் அடித்தொண்டை சத்தம் காற்றை உள்ளே இழுக்கும் இடத்தில் பிறக்கிறது. ஒற்றை பிஸ்டன் 2850 சுற்றில் ஓடினால் நொடிக்குச் சுமார் 47 முறை ‘ஹுப்’ என்று மூச்சு இழுக்கும். 1440-இல் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 24 முறை. இதுவும் இதன் மடங்குகளும் சேர்ந்ததுதான் அந்த உறுமல். சைலன்ட் ரகத்திலும் அது இருக்கும், இன்னும் கீழ் சுருதியில்.

அட்டையில் அது ஏன் தெரியவில்லை? அங்கே போடுவது ‘ஏ’ என்ற வடிகட்டி வழியாக அளந்த டெசிபல். மெல்லிய ஒலியாக இருக்கும்போது மனிதக் காதுக்குக் கீழ் சுருதி குறைவாகக் கேட்கும் என்று 1933-இல் பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வரைந்த வளைகோடுகளிலிருந்து வந்தது இந்த வடிகட்டி. இது 1000 ஹெர்ட்ஸ் ஒலியை அப்படியே எண்ணும். 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபலைக் கழித்துவிடும். 50 ஹெர்ட்ஸில் 30 கழித்துவிடும்.

மிஷின் பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது நியாயமான கழிவு. சுவர் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒற்றைச் சுவர் ஒலியைத் தடுப்பது அதன் எடையால். சுருதி பாதியாகக் குறைந்தால் தடுப்பும் சுமார் 6 டெசிபல் குறையும். 1000 ஹெர்ட்ஸுக்கும் 50 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் நாலு முறைக்கு மேல் பாதியாகிறது, ஆக ஏட்டுக்கணக்கில் 25 டெசிபலுக்கு மேல் வித்தியாசம். கிணுகிணுவைச் சுவர் என் பக்கமே வைத்துக்கொள்ளும், உறுமலை அண்ணன் பக்கம் அனுப்பிவிடும். அளவுமானி கழித்ததும் சுவர் கடத்தியதும் ஒன்றே. அவர் சொன்னது இந்த இயற்பியலைத்தான், என்னைவிடத் தெளிவாக.

செல்போன் செயலியில் அளந்து பார்க்கலாமே என்பீர்கள். நானும் செய்தேன். ஆனால் போன் மைக் பேச்சுக்காகச் செய்தது, கீழ் சுருதியில் அதற்கும் காது மந்தம். ‘இங்கே வைத்தால் கூடுது, அங்கே வைத்தால் குறையுது’ என்று ஒப்பிட உதவும், அவ்வளவுதான். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது அதைவிட நல்ல கருவி.

சட்டத்தின் பகலும் எங்கள் பகலும்

2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன. தொழிற்பகுதிக்கு 75, 70. பகல் என்றால் காலை 6 முதல் இரவு 10 வரை. இங்கேயும் அதே ‘ஏ’ வடிகட்டிதான். அட்டைக்குக் கேட்காதது சட்டத்துக்கும் கேட்காது.

அது போகட்டும். திருவொற்றியூரில் எது குடியிருப்பு, எது தொழிற்பகுதி? 1946-இல் இங்கே ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதுதான் பிறகு எம்.ஆர்.எஃப். ஆனது. புல்லட் செய்ய 1955-இல் வந்தது என்ஃபீல்டு இந்தியா. தீப்பெட்டி செய்த விம்கோவின் பேர் ரயில் ஸ்டேஷனுக்கும் மெட்ரோவுக்கும் நிலைத்துவிட்டது. இந்தக் கம்பெனிகளை ஒட்டித்தான் வீடுகள், வீடுகளை ஒட்டித்தான் பட்டறைகள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி போகும் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

இந்த மாதிரி ஊரில் பகல் என்பது எல்லோருக்கும் ஒரே பகல் இல்லை. நைட் ஷிஃப்ட் பார்த்தவருக்குக் காலை எட்டு மணிதான் இரவு பத்து மணி. விதிகளில் அவருக்கு இடமில்லை. பகல் பதினோரு மணிக்கு நான் ஓட்டியது, நேரத்தைப் பொறுத்தவரை, எந்த விதியையும் மீறியதில்லை. அவர் தூக்கம் கெட்டதும் உண்மை. ‘லாரி சத்தத்துல தூங்குறவங்களுக்கு இது என்ன’ என்று ஒரு நண்பர் கேட்டார். லாரி போய்விடும். கம்ப்ரசர் நின்று, மறுபடி அதுவாகவே கிளம்பும். எப்போது கிளம்பும் என்று தெரியாத சத்தம்தான் தூக்கத்தின் எதிரி.

அப்போ எதை வாங்குவது?

முதலில் எவ்வளவு காற்று வேண்டும் என்று பாருங்கள். ஏர்பிரஷுக்கு 1 சி.எஃப்.எம். கூட வேண்டாம். ஆணி அடிக்கும் துப்பாக்கி, சைக்கிள் ட்யூப், இதற்கெல்லாம் சின்ன சைலன்ட் ரகம் தாராளம். தூசு ஊதும் ஏர் கன்னில் 2 மி.மீ. துளை இருந்து 6 பாரில் விட்டால் 7 முதல் 9 சி.எஃப்.எம். வரை குடிக்கும். கதவுக்கு பெயின்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்னும் அந்த மாதிரிதான். 1 எச்.பி. சைலன்ட் மிஷினை அதற்கு வாங்கினால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நிற்காத சைலன்டைவிட, ஐந்து நிமிஷம் கத்திவிட்டு ஓயும் மிஷின் மேல். அட்டையில் போட்டிருக்கும் சி.எஃப்.எம். பல சமயம் பிஸ்டன் இழுக்கும் கொள்ளளவு மட்டுமே. டேங்க்குக்கு நிஜமாக வந்து சேரும் காற்று அதைவிடக் கணிசமாகக் குறைவு. அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

எண்ணெய் ஊற்றி பெல்ட் போட்ட பழைய ரகத்தை ஒதுக்கிவிட வேண்டாம். கம்ப்ரசருக்குப் பேர்போன ஊர் நம் கோயம்புத்தூர், எல்ஜி (டி.வி. செய்யும் கொரியக் கம்பெனி இல்லை) 1960-இல் அங்கே தொடங்கியதுதான். பெல்ட் ரகத்தில் பம்ப், மோட்டாரைவிட மெதுவாகச் சுற்றும், வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் எடை அதிகம், அடி கனமானது. தனி ஷெட் இருப்பவருக்கு அதுதான் சரி. பொதுச் சுவர் வீட்டுக்கு இல்லை.

காயலாங்கடையில் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் வாங்கிச் செய்பவர்களும் உண்டு. அதுதான் நிஜமான சைலன்ட். மூடிய இரும்புக் கூட்டுக்குள் எல்லாம் நடக்கும். ஆனால் காற்று சொற்பம், கூடவே எண்ணெய் வரும். ஏர்பிரஷோடு சரி. சேஃப்டி வால்வு இல்லாமலோ, பழைய சிலிண்டரை டேங்க்காக வைத்தோ செய்ய வேண்டவே வேண்டாம்.

அடுத்தது டேங்க். அட்டையில் யாரும் இதைச் சத்தத்தோடு சேர்த்துப் பேசுவதில்லை. 24 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 5 பாருக்கு இறங்கினால் கிடைப்பது 72 லிட்டர் காற்று. 50 லிட்டர் டேங்க்கில் 150. பெரிய டேங்க் நிரம்ப அதிக நேரம் எடுக்கும், ஆனால் ஓடும் நேரத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம். நிரப்பி, ஸ்விட்சை அணைத்துவிட்டு, சேமித்த காற்றில் வேலை பார்க்கலாம். ஓடாத கம்ப்ரசருக்கு டெசிபல் கிடையாது.

கடலோரத்தில் ஒரு கூடுதல் வேலை உண்டு. 30 டிகிரி வெயிலில், 75 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் தண்ணீர் இருக்கும். அதை 8 பாருக்கு அமுக்கி ஆறவிட்டால் 19 கிராம் டேங்க் அடியில் தங்கிவிடும். ட்ரெயின் வால்வு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வேலை முடிந்ததும் தினம் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

கடைசியாக, வைக்கும் விதம். மிஷினுக்குக் கீழே கெட்டியான ரப்பர் துண்டு போட்டால் மனத்திருப்திதான் மிச்சம். நொடிக்கு 24 முறை குலுங்குவதைத் தரைக்கு விடாமல் அடக்க, மிஷினை வைத்ததும் ரப்பர் ஏறத்தாழ 4 மி.மீ. அமுங்கும் அளவுக்கு மெத்தென்று இருக்க வேண்டும். நான் பழைய ஸ்கூட்டர் ட்யூபில் பாதிக் காற்று அடித்து மேலே ப்ளைவுட் போட்டேன். டயர் கம்பெனி ஊரில் ட்யூபுக்கா பஞ்சம்? சுவரில் இரும்புக் குழாயைக் கிளாம்ப் அடிக்காமல் ஹோஸ் போடுங்கள். மிஷினைப் பெட்டி போட்டு மூடுவதானால் காற்றுவழி வையுங்கள். 1 எச்.பி. மிஷின் தின்னும் கரன்ட் ஏறக்குறைய முழுக்கச் சூடாகத்தான் வெளியே வரும், எரியும் இஸ்திரிப் பெட்டியை உள்ளே வைத்து மூடுகிற மாதிரி.

பழையதை விற்றுவிட்டு 1440 சுற்று, 50 லிட்டர் ஒன்று வாங்கினேன். எதிர்ச் சுவர் பக்கம் வைத்தேன். காற்று இழுக்கும் வாயில் அகலமான குட்டை ஹோஸ் மாட்டி, ஃபில்டரோடு வென்டிலேட்டர் வழியாகத் தெருப் பக்கம் கீழ்நோக்கித் திருப்பிவிட்டேன். வாங்கியதில் பெரிய முன்னேற்றம் எது என்று கேட்டால், இந்த ஹோஸைத்தான் சொல்வேன். மிஷினைவிட அது ரொம்ப மலிவு.

பிறகு அண்ணனிடம் போய் ஷிஃப்ட் விவரம் கேட்டேன். வாரா வாரம் மாறும் என்றார். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த வாரத்து ஷிஃப்ட்டைச் சொல்லிவிடுகிறார். பட்டறைக் கதவில் சாக்பீஸால் எழுதி வைக்கிறேன். நைட் ஷிஃப்ட் வாரத்தில் மாலை நாலு மணிக்கு மேல்தான் டேங்க் நிரப்புவது.

“இப்போ எப்படிண்ணா இருக்கு?” என்று போன வாரம் கேட்டேன்.

“கேக்குது. ஆனா உறுமல.”

அட்டையில் போட இதைவிடச் சரியான அளவு எனக்குத் தெரியவில்லை.