மில்கிராம் கேட்ட சீட்

ஸ்டான்லி மில்கிராம் என்றாலே எல்லாருக்கும் அந்த ஷாக் மெஷின்தான் ஞாபகம் வரும். 1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த அந்தப் பரிசோதனையைப் பற்றி உளவியல் பக்கமே போகாதவர்கள்கூடக் கேள்விப்பட்டிருப்பார்கள். இந்தக் குறிப்பு அதைப் பற்றியது இல்லை. மெஷினும் கிடையாது, லேபும் கிடையாது. நியூயார்க் சுரங்க ரயிலில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருத்தர் எதிரே போய் நின்று "உங்க சீட்டைத் தர முடியுமா?" என்று கேட்கிறார். அவ்வளவுதான் ஆய்வு. 1970களின் தொடக்கத்தில் மாணவர்களை வைத்துச் செய்தது. ஜான் சபினியோடு சேர்ந்து மில்கிராம் எழுதிய கட்டுரை 1978-ல் வந்தது.

பொழுது போகாமல் தேடிப் படித்ததில்லை இது. பல்லாவரத்தில் ஏறி நுங்கம்பாக்கத்தில் இறங்குகிறவன் நான். எலெக்ட்ரிக் ட்ரெயினில் சுமார் அரை மணி நேரம். இரண்டு வருஷம் முன்னால் ஒருநாள் காலை, கிண்டி தாண்டி அடையாற்றுப் பாலத்துக்கிட்ட சிக்னலுக்காக வண்டி நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம் இருந்தால் அதிகம். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு, இங்கேயே செத்துவிடுவேன் என்று நிஜமாகவே நம்பினேன். சைதாப்பேட்டையில் இறங்கி, பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஆட்டோ பிடித்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஈசிஜி நார்மல். அடுத்த நாளிலிருந்து ஆபீசுக்கு ஆட்டோ, இல்லையென்றால் பைக் டாக்சி. மாதக் கடைசியில் கணக்குப் போட்டால் வாடகைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வேலையை விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்த பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

அவர் சொன்ன பெயர் அகோராபோபியா. எனக்குச் சிரிப்பு வந்தது. மைதானத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்குத்தானே அது? நாமும் அகராதிகளைப் பார்த்து 'திறந்தவெளி அச்சம்' என்றுதான் மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். உண்மையில் 2013-ல் வந்த டி.எஸ்.எம்-5 கையேடு இதற்கு ஐந்து சூழ்நிலைகளைச் சொல்கிறது. முதலில் இருப்பதே பொதுப் போக்குவரத்து. பிறகுதான் திறந்தவெளி, மூடிய இடம், வரிசை அல்லது கூட்டம், வீட்டுக்கு வெளியே தனியாக இருப்பது. இந்த ஐந்தையும் கோர்க்கிற நூல் ஒன்றுதான்: இங்கிருந்து தப்பிக்க முடியாது, ஏதாவது ஆனால் உதவி கிடைக்காது என்ற நினைப்பு.

உதவி கிடைக்காது என்ற அந்த இரண்டாவது பாதியில்தான் மில்கிராம் உள்ளே வருகிறார். பாலத்துக்கிட்ட வண்டி நின்றபோது எனக்கு வேண்டியிருந்தது ஒரு சீட், ஒரு வாய் தண்ணீர். எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

ஆய்வின் முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரணம் எதுவும் சொல்லாமல் கேட்டபோது 41 பேரில் 68 சதவீதம் எழுந்தார்கள், அல்லது நகர்ந்து இடம் கொடுத்தார்கள். "நின்னுக்கிட்டே புத்தகம் படிக்க முடியல" என்று ஒரு சொத்தைக் காரணத்தோடு கேட்டபோது அது 42 சதவீதமாக இறங்கியது. மூன்றாவது வகையில் கேட்கப்போகிறவர், பக்கத்தில் அந்நியர்போல நின்ற கூட்டாளியிடம், "யாரையாவது சீட் கேட்டா தப்பா நினைப்பாங்களா?" என்று உட்கார்ந்திருப்பவர் காதில் விழும்படி பேசிவிட்டு, சில விநாடி கழித்துக் கேட்டார். 37 சதவீதம்கூட வரவில்லை. பேசாமல் சீட்டில் எழுதி நீட்டியபோது (உட்காரும் சீட் இல்லை, காகிதச் சீட்டு) சரிபாதி.

மூன்றாவது வகையை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். முன்கூட்டியே தெரிந்தவர்கள் குறைவாகக் கொடுக்கிறார்கள். அப்படியென்றால் முதல் வகையில் எழுந்தவர்கள் எல்லாரும் இரக்கத்தால் எழவில்லை. திடீரென்று கேட்டதும் 'முடியாது' என்று சொல்ல வார்த்தை கிடைக்காமல் எழுந்தவர்கள் அதில் நிறைய. மில்கிராமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார். கேட்கிறவனுக்குத்தான் தொண்டை அடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கப்படுகிறவனுக்கும் அதே கதிதான் போலிருக்கிறது.

கட்டுரையின் உயிர் இந்தச் சதவீதங்களில் இல்லை. ஒவ்வொரு வகையிலும் இருபதிலிருந்து நாற்பது பேர்வரைதான். அதை வைத்துப் பெரிதாக எதையும் கட்ட முடியாது. கேட்கப் போனவர்கள் பட்ட பாடுதான் விஷயம். முதலில் போன மாணவர் இருபது பேரைக் கேட்கவேண்டியது, பதினாலோடு நிறுத்திக்கொண்டு வந்துவிட்டார், அதற்கு மேல் முடியவில்லை என்று. இதென்ன பெரிய வேலை என்று மில்கிராமே கிளம்பினார். வார்த்தை தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது. கடைசியில் எப்படியோ கேட்டு, சீட்டும் கிடைத்து உட்கார்ந்த பிறகு, கேட்டதற்கு நியாயம் கற்பிக்கவேண்டும் என்று உடம்பே தவித்திருக்கிறது. தலை தொங்கிவிட்டது, முகம் வெளுத்துவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே அப்படி ஆனது என்கிறார். மனிதர்களைப் பதற வைத்துப் பெயர் வாங்கியவர் ஒரு சீட்டுக்காகத் தானே பதறி உட்கார்ந்திருந்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் அற்ப சந்தோஷம் உண்டு, மறைக்கவில்லை.

இனி என் புகார்கள். ரயிலை விட்டு இறங்கிய அடுத்த நொடியே அந்தப் பதற்றம் முழுக்கப் போய்விட்டது என்று மில்கிராம் சொல்கிறார். சூழ்நிலைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்கு அதை அத்தாட்சியாக வைக்கிறார். ஆரோக்கியமான மனிதர் அப்படிச் சொல்லலாம். சைதாப்பேட்டை பெஞ்சில் எனக்கும் அந்த நிம்மதி கிடைத்தது, ரொம்ப இனிமையான நிம்மதி. என்னைக் கெடுத்ததே அதுதான். இறங்கினேன், பிழைத்தேன் என்று மூளை எழுதி வைத்துக்கொண்டது. அடுத்த முறை கிண்டியிலேயே இறங்கச் சொன்னது, அதற்கடுத்த முறை பல்லாவரத்தில் ஏறவே வேண்டாம் என்றது. சிகிச்சையில் என்னை இறங்காமல் இருக்கப் பழக்கினார்கள்: பயம் ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்குகிறவரை வண்டியிலேயே இரு. இறங்கியதும் வருகிற நிம்மதியை மில்கிராம் ஆய்வின் முடிவாகப் பார்க்கிறார். நோயாளிக்கு அடுத்த பயம் அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்று கொஞ்சம் பெரிய புகார். எழுதப்படாத விதிகள் தண்டனையால் காக்கப்படுவதில்லை, மீற நினைக்கும்போது உள்ளே எழுகிற தடைதான் காவல் என்பது கட்டுரையின் வாதம். நல்ல வாதம். ஆனால் எந்த விதி? முதலில் வருகிறவருக்கே சீட், அதைக் கேட்கக்கூடாது என்பது அந்த ஊர் ரயிலின் விதி. நம்ம ஊர் பஸ்ஸில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பின்வாசலில் ஏறினவர் கொடுக்கிற காசு நாலு கை மாறிக் கண்டக்டருக்குப் போகும். டிக்கெட்டும் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். உட்கார்ந்திருக்கிறவர் மடியில் முன்பின் தெரியாதவர் பையை வைக்கிறார், சில சமயம் குழந்தையையே வைக்கிறார். மூன்று பேர் சீட்டில் "கொஞ்சம் தள்ளுங்க" என்றால் நாலாவது ஆள் பாதி உடம்பை வைத்துவிடலாம். யாரும் முகம் வெளுத்துப் போவதில்லை. மில்கிராமின் மாணவர்களைத் தாம்பரம் வண்டியில் ஏற்றிவிட்டிருந்தால் கட்டுரையே வந்திருக்காது.

அப்படியானால் எனக்கு ஏன் வாய் வரவில்லை? இங்கேதான் கட்டுரை எனக்கு உதவவில்லை. நான் மீறவேண்டிய விதி எதுவும் அங்கே இல்லை. தள்ளி உட்காரச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, வருஷக்கணக்காகச் சொன்னவன்தான். ஆனால் அன்றைக்குக் கேட்டால் 'ஏன், என்ன ஆச்சு?' என்பார்கள். இங்கே அது கட்டாயம் வரும். பார்க்க நன்றாக இருக்கிற முப்பத்திநாலு வயசு ஆம்பளை அதற்கு என்ன பதில் சொல்வது? கால் உடைந்திருந்தால் கட்டைக் காட்டலாம். நியூயார்க்காரன் கேட்பதற்கே பயந்தான். நான் கேட்ட பிறகு வருகிற விசாரிப்புக்குப் பயந்தேன். நம்ம ஊர் அக்கறைக்கு இப்படி ஒரு விலை இருக்கிறது. பஸ்ஸில் காசு கைமாறுவதைப் பற்றி நெகிழ்ந்து எழுதுகிறவர்கள் (சற்று முன் நானும்தான்) இதையும் சேர்த்து எழுதவேண்டும்.

லண்டன் போக்குவரத்துத் துறை 2017-ல் ஒரு நீல பேட்ஜ் கொண்டுவந்தது. தயவுசெய்து எனக்கு இடம் கொடுங்கள் என்று மட்டும் அதில் இருக்கும். நோய் என்ன என்று இருக்காது, வாங்குவதற்கு டாக்டர் சர்டிபிகேட்டும் வேண்டாம். வெளியே தெரியாத தொந்தரவு உள்ளவர்களுக்கானது. மில்கிராமின் நாலாவது வகை மாதிரி வாயைத் திறக்காமல் கேட்பது, முதல் வகை மாதிரி காரணத்தையும் சொல்லாமல் விடுவது. இரண்டையும் சேர்த்தது நல்ல யோசனைதான். சென்னையில் அதைக் குத்திக்கொண்டு போனால் பல்லாவரத்துக்கும் பரங்கிமலைக்கும் இடையில் நாலு பேராவது என்ன வியாதி என்று கேட்டுவிடுவார்கள் என்பது என் கணிப்பு.

மெட்ரோ வேறு மாதிரி. 2015-ல் அது ஓட ஆரம்பித்தபோது எல்லாரும் ஏசியைப் பற்றிப் பேசினார்கள். நான் கவனித்தது அங்கிருக்கும் மௌனத்தை. அங்கே யார் மடியிலும் யாரும் பை வைப்பதில்லை. அதே ஊர், அதே ஜனங்கள், பெட்டி மாறியதும் நியூயார்க் விதி வந்துவிட்டது. விசாரிப்பு இல்லாததால் எனக்கு அது சௌகரியமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். சின்னமலை தாண்டி வண்டி சுரங்கத்துக்குள் இறங்கியதும் கதவு, சுவர், இருட்டு என்று மூளை எண்ண ஆரம்பித்துவிட்டது. சைதாப்பேட்டை மெட்ரோவில் இறங்கிவிட்டேன். எனக்கும் சைதாப்பேட்டைக்கும் என்ன ராசியோ.

போன மாதம் எலெக்ட்ரிக் ட்ரெயினில் மறுபடி ஏற ஆரம்பித்தேன். வாசல் ஓரத்தில் நிற்கக்கூடாது, தண்ணி பாட்டிலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு இருக்கக்கூடாது என்பது டாக்டர் போட்ட கண்டிஷன். இரண்டாவது வாரம் பழவந்தாங்கலிலேயே படபடப்பு வந்துவிட்டது. மில்கிராமின் முதல் வகையை நினைத்துக்கொண்டு, எதிரே இருந்த பெரியவரிடம், "ஐயா, நான் கொஞ்சம் உட்காரணும்" என்றேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன், காரணம் எதுவும் சேர்க்கவில்லை. அவர் எழவில்லை, பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்து இரண்டு பேருமாக நகர்ந்தார்கள். நாலாவது ஆளாக ஒட்டிக்கொண்டேன். எதிர்பார்த்த கேள்வி வந்தது, நான் பயந்த வடிவத்தில் இல்லை.

"எங்க இறங்கணும்?"

"நுங்கம்பாக்கம்."

"நான் மாம்பலம். அப்புறம் நல்லா உக்காந்துக்கலாம்."

பாலத்தில் அன்றைக்கு வண்டி நிற்கவில்லை. நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் கேட்டார். இந்த வாரம் ஒருநாள் நின்றது, மூன்று நிமிஷம். அன்றைக்கு என் பக்கத்தில் இருந்தவர் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தார்; யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வியர்த்தது, விரல் மரத்தது, வண்டி கிளம்பிய பிறகும் மாம்பலம்வரை போகவில்லை. நுங்கம்பாக்கத்தில்தான் இறங்கினேன்.